தினம் முப்பது பேர்

சுகாதார நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் நாலு மாதமாகத் தினமும் சரியாக முப்பது நோயாளிகள். இருபத்தொன்பதும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. முப்பதுக்குக் குறைந்தால் நிதி நின்றுவிடும் என்பது விதி.

'நர்ஸம்மா உட்கார்ந்த இடத்திலேயே பேர் எழுதுறாங்க' என்று முடிவுகட்டினார் ஆய்வு அதிகாரி. கையும் களவுமாகப் பிடிக்க, நோயாளி மாதிரி டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

எண்ணிப் பார்த்தார். அவரைத் தவிர முப்பது பேர்! ஆனால் ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல் இல்லை. சந்தேகம் இன்னும் வலுத்தது.

பக்கத்திலிருந்த தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்தத் தெரு? இன்னிக்கு எங்க முறையாச்சே?"

"என்ன முறை?"

"புதுசா குடி வந்தீங்களா? தினம் முப்பது பேர் தலை காட்டலேன்னா இதை மூடிடுவாங்களாம். அப்புறம் ஆத்திர அவசரத்துக்கு எங்க ஓடுறது? அதான் தெருவுக்கு ஒரு நாள்னு வந்து உக்கார்றோம். உங்களுக்கு என்ன?"

"தலைவலிங்க" என்று சமாளித்தார் அதிகாரி.

"நெசமாவா?" தையல்காரர் துள்ளி எழுந்தார். "எல்லாரும் வழி விடுங்கப்பா! நெசமாவே ஒரு நோயாளி வந்திருக்காரு!"

முப்பது பேரும் எழுந்து வழிவிட்டார்கள். கடைசி பெஞ்சுக்காரி டோக்கனைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப நான் கிளம்பறேண்ணே. அவரோட சேத்து முப்பது ஆயிடுச்சு."

அறிக்கையில் என்ன எழுதுவதென்று யோசித்த அதிகாரிக்கு, அப்போதுதான் நிஜமாகவே தலை வலிக்க ஆரம்பித்தது.