மாவட்டத்திலேயே முதல் கண்

மூன்று வயதுக் கண் பரிசோதனையில் தொண்ணூறு மார்க் இல்லாவிட்டால் எந்த நல்ல பள்ளியும் எல்கேஜி சீட் தருவதில்லை என்று ஆகிவிட்டது. செண்பகவல்லியும் விடுவாளா? மகள் மகிழினியைக் கண் பரிசோதனை டியூஷனில் சேர்த்தாள். ஆறு மாதமாக இட்லி ஊட்டும்போதுகூட அதே பாடம்தான்.

பரிசோதனையன்று, "எங்க, நல்லாப் பாரு கண்ணு" என்றபடி நர்ஸ் எஸ்தர் படப் பலகையை எடுக்கத் திரும்பினாள். மகிழினி கையைக் கட்டிக்கொண்டு, "ஆப்பிள், குடை, வீடு, வாத்து!" என்று கடைசி வரிவரை ஒப்பித்து முடித்தாள்.

"பலகைய நான் இன்னும் மாட்டவே இல்லீங்களே!"

"எம்பொண்ணு எப்பவும் ஒருபடி முன்னாடிதான் சிஸ்டர்" என்றாள் செண்பகவல்லி.

பதிலைக் கேட்டு மார்க் போடும் மெஷின் நூற்றுக்கு நூறு போட்டது. மாவட்டத்திலேயே முதலிடம்.

பரிசளிப்பு விழாவில் மெடலோடு மேடையிலிருந்து இறங்கிய மகிழினி, "அம்மா!" என்று ஓடிவந்து ஒரு பச்சைப் புடவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அது வேறு யாரோ ஒருத்தி. செண்பகவல்லி தன் பச்சைப் புடவையில், இரண்டடி தள்ளி, கைகளை விரித்தபடி நின்றிருந்தாள்.

"நான் உங்கம்மா இல்ல, கண்ணு. நல்லாப் பாரு" என்றாள் அந்தப் பெண்.

மகிழினி சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஆப்பிள், குடை, வீடு, வாத்து..."