கடைசி வரைக்கும் போகிற பஸ்

"எங்கக்கா இறங்கணும்?"

கண்டக்டர் வினோஜன் கேட்டதும் தனுஷிகா மடியிலிருந்த மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும்."

"மத்தியானமும் கடைசி வரைக்குந்தானே போனீங்க?"

"ஒரு சாமான மறந்து வச்சிட்டு வந்துட்டேன், தம்பி."

அவன் அவளைப் பார்த்தான். அவள் காலடியில் திணித்திருந்த உர பேக்கைப் பார்த்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனான்.

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் நீராவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அதுவும் நல்லதுதான். ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். இரண்டையும் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

போன மாதம் அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கியபோது லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம்தான் கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். மேல் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் சேறு மட்டும் இருந்தது. அவளுடைய லயம் நின்றது. ஆனால் வீட்டுத் தரை இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் கையை விட்டால் அடியில் தண்ணீர் ஓடுவது விரலில் பட்டது.

உள்ளே போகக் கூடாது என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தாள். இன்று காலையில் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். வந்த அதிகாரி கோபமாகப் பேசவில்லை. வீடு உள்ளவர்கள் வீட்டுக்குப் போங்கள், இல்லாதவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். எங்கே போகிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேர். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் கணவன் அரிசி மூட்டைகளுக்கு மேல் படுக்கிறான்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பவளைச் சனம் ஒரு மாதிரி பார்த்தது. அப்புறம்தான் பஸ்ஸில் ஏறினாள். உள்ளே நனையாது. பிள்ளை மடியிலேயே தூங்கலாம். டிக்கெட் எடுத்தவளை யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது.

இப்போது இரண்டாம் தடவையாக ஏறியிருக்கிறாள். அதற்குள் மாட்டிக்கொண்டாள்.

திடீரென்று பஸ் நின்றது.

டிரைவர் மஃறூப் என்ஜினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மேலே பார்த்தார். வினோஜனும் பின்னாலிருந்து ஓடி வந்தான்.

"என்னா, மஃறூப் நானா?"

"சத்தம் போடாத."

மழைச் சத்தம் மட்டும். பிறகு பஸ்ஸின் கூரையில் ஒரு சிறு கல் விழுந்து உருண்டது. இன்னொன்று. முன்கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் பாதையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடியது.

மகள் லோஜினி விழித்துக்கொண்டாள். "அம்மா, மலை வருதா?"

தனுஷிகா பிள்ளையின் முகத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். யாராவது திருப்பச் சொல்லுங்கள், யாராவது ஒரு ஆள் சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள். தானாகச் சொல்ல வாய் வரவில்லை. திருப்பினால் உடனே ஹட்டன். ஹட்டனில் இறங்க வேண்டும்.

அவ்வளவு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

மஃறூப் "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்து என்ஜினைப் போட்டார். பஸ் தண்ணீருக்குள் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, உறுமி மேலே ஏறியது.

நோட்டன் பிரிட்ஜ் வந்தபோது பொழுது இறங்கியிருந்தது. பஸ் நின்றது.

"நோட்டன் பிரிட்ஜ்! எல்லாரும் இறங்குங்க!"

தனுஷிகா எழுந்திருக்கவில்லை. எல்லோரும் இறங்கட்டும், கடைசியில் வினோஜனிடம் எதையாவது சொல்லிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

காலடிச் சத்தமே கேட்கவில்லை.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அந்த பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்தாள். பின் சீட்டில் ஒரு பெண் கரி பிடித்த சோற்றுச் சட்டியை மடியில் வைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பாலித்தீனில் சுருட்டிய மெத்தை. நடு சீட்டில் ஒருவர் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கோழியையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவளுடைய தோட்டத்து ஆட்கள் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வினோஜன் கதவருகில் அப்படியே நின்றான்.

"இதுதாங்க கடைசி ட்ரிப்பு. இனி ஹட்டனுக்குப் போயி பஸ்ஸ நிப்பாட்டிடுவோம்."

கோழி வைத்திருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"அதுவரைக்கும் இருந்துட்டுப் போறோம், தம்பி."

மஃறூப் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பஸ்ஸைத் திருப்பினார்.

மழை வலுத்துவிட்டது. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், கல் விழுந்த இடத்திலும் மெதுவாகவே.

எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் ஹட்டன் வந்துவிடும்.