பத்து நாள் அனுமதி

தகரக் கொட்டகையின் ஆணித்துளைகள் வழியாகக் காலை வெயில் மேசைமேல் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கிறது. சுவரில் நகராட்சிக் கடிதம்: கட்டடத்தைக் கணினியில் மாதிரியாகக் கட்டிக் காட்டுகிறவர்களுக்கு மூன்று மாதம் ஆகிற அனுமதி பத்தே நாளில். மேஸ்திரியாக இருந்து காண்ட்ராக்டரான அண்ணன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்; மாதிரியை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அதைச் செய்துகொடுத்த தங்கை இப்போது மடிக்கணினியை அவர் பக்கம் திருப்புகிறாள். திரையில், சாம்பல் நிற வீட்டின் முதல் மாடி பீமில் ஒரு சிவப்புப் புள்ளி.

"கழிவுநீர் பைப்பு பீமுக்குள்ள பூந்து போகுதுண்ணா."

"பிளான்ல அப்படி இல்லையேம்மா?"

"பிளான்ல பீம் ஒரு தாள், பைப்பு வேற தாள். ரெண்டையும் யாரு சேத்து வச்சுப் பாத்தா?"

"கான்கிரீட் போட்டப்புறம் கொத்திக்கலாம். எப்பவும் அப்படித்தானே செய்யறோம்? இது அனுமதிக்காகச் செஞ்சது. அதான் கிடைச்சாச்சே."

தங்கை அளவு டேப்பை எடுத்து அவரிடம் நீட்டுகிறாள். வெளியே கலவை இயந்திரம் ஜல்லியை மென்று கரகரக்கிறது. அண்ணன் டேப்போடு வெளியே போய் ஏணியேறி, பைப்பு வர வேண்டிய இடத்தை அளந்து சாக்பீஸால் கோடு இழுக்கிறார். கோடு, பீமுக்குக் கட்டிவைத்த கம்பிக்கூட்டின் நட்டநடுவில் விழுகிறது. கலவையை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்துகிறார். இயந்திரம் மெல்ல ஓய்கிறது. எங்கோ ஒரு குழாய் சொட்டுவது இப்போதுதான் கேட்கிறது. இறங்கி வந்து, தங்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார்.

"இன்னும் எத்தனை சிவப்பு இருக்கு?"