கண்ணா, புண்ணா?

கண்ணாஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியை, பெஞ்சில் உட்கார்ந்தபடியே கணீரென்று வாசித்து முடித்தார் சர்வேயர். அவரை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

"எங்கே, நீ வாசி பார்ப்போம்," என்றார் மனைவியிடம்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மூணாவது வரிக்கு அப்புறம் எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க."

"முகத்துல இருக்கறது கண்ணா, புண்ணா?" பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான். ஒரு அங்குலம் கோணினாலும் தூரத்துல இருந்தே சொல்லிடுவேன். எனக்கு வாய்ச்சதைப் பாருங்க!"

பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சர்வேயருக்கு அவரைப் பார்த்தும் இளக்காரமாகத்தான் இருந்தது. வயசானால் கண் போய்விடுமா என்ன? உடம்பைப் பேணத் தெரியாத ஜென்மங்கள்.

மனைவியின் குற்றப்பட்டியல் அவரிடம் நீளமாக இருந்தது. ஸ்டூலை நடைவழியில் போட்டுவைப்பாள், அவர் முழங்காலில் இடித்துக்கொள்வார். அலமாரிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவாள், அவர் நெற்றி வீங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, போன வாரம் நடந்தது.

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட காரில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சைக்கிள்காரன் வானத்திலிருந்து குதித்த மாதிரி முன்னால் வந்து நின்றான். சர்வேயர் பிரேக்கை மிதித்த வேகத்தில் பின்சீட்டில் இருந்த குழந்தைக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

"பக்கத்துல பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நடுரோட்டில் வைத்தே மனைவியைக் கிழித்தார்.

மறுநாள் காலையில் அவள் வந்து நின்றாள். "நீங்க சொல்றது சரிதாங்க. கண்ணைக் காட்டிடலாம். டாக்டர்கிட்ட நேரம் கேட்டு வெச்சிருக்கேன். தனியாப் போகப் பயமா இருக்கு, நீங்களும் வாங்க."

இப்படித்தான் அவர் இங்கே வந்து சேர்ந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து நாலடி வைப்பதற்குள், மருந்துத் தட்டோடு பக்கவாட்டில் வந்த நர்ஸ் மீது சர்வேயர் மோதினார். தட்டு தரையில் உருண்டது.

"ஆள் வர்றது தெரியல? கண்ணாஸ்பத்திரியிலேயே குருடங்களை வேலைக்கு வெச்சிருக்கீங்களா?"

நர்ஸ் சிதறியதைப் பொறுக்கினாள். மனைவியும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். இவளுக்கு யார் காலடியிலாவது குனியாவிட்டால் பொழுது போகாது என்று நினைத்துக்கொண்டார்.

இருட்டறையில் பெரிய வெள்ளைக் கிண்ணம் போல ஒரு மெஷின் இருந்தது. கிண்ணத்தின் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி பின்வாங்கினாள். "ஐயோ, எனக்குப் புரியலைங்க. முதல்ல நீங்க உட்கார்ந்து காட்டுங்களேன்."

"பொத்தானை அமுக்கக்கூட உனக்கு வாத்தியார் வேணுமா?" என்றவர், நர்ஸைப் பார்த்து, "விவரம் பத்தாதும்மா இவளுக்கு. நான் காட்டறேன்," என்று உட்கார்ந்தார். நர்ஸ் மறுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பரிசோதித்தாள்.

முடித்து எழுந்தபோது சர்வேயருக்கு ஒரே எரிச்சல். "என்னம்மா மெஷின் இது? அத்தி பூத்த மாதிரி எப்பவாவது ஒரு தடவை மின்னுது. பாதி நேரம் தூங்குது. ரிப்பேர் பார்க்கறதில்லையா?"

"சொல்லிடறேன் சார்," என்றாள் நர்ஸ்.

"ம், போய் உட்காரு. பேந்தப் பேந்த முழிக்காதே," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காற்றாட வெளியே போனார்.

கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிடுவதாகச் சொன்னார்கள். உள்ளே போனபோது மனைவி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் ஒரு தாள். அதில் இரண்டு வட்டங்கள், நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு.

டாக்டரம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "கண் நரம்பு ரொம்பக் கெட்டிருக்கு. ரெண்டு கண்ணுலயும் ஓரப் பார்வை முக்கால்வாசி போயிடுச்சு. வலிக்காது, சிவக்காது, திருடன் மாதிரி வர்ற வியாதி இது. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்திடலாம்."

"கேட்டியா?" சர்வேயர் மனைவி பக்கம் திரும்பினார். "தலையால அடிச்சுக்கிட்டேனே, பார்த்து நட, பார்த்து நடன்னு! இத்தனை நாள் ஒரு குருடியோடதான் குடும்பம் நடத்தியிருக்கேன்."

அவள் அவர் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள் டாக்டரம்மா.

"நீங்க மருந்தை எழுதுங்கம்மா. இவளை மருந்து போட வைக்கறது என் பொறுப்பு."

"ஒரு வேளைகூட தப்பக் கூடாது. இன்னொண்ணு, இனிமே கார் ஓட்டவே கூடாது."

சர்வேயர் விழுந்து விழுந்து சிரித்தார். "காரா? இவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதும்மா!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மனைவி அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"அந்த மெஷின்ல நான் உட்காரவே இல்லைங்க."