முதுகு

பூங்கோதையின் முதுகில் வளரும் தோல், அவள் ஒப்பந்தம் போட்டிருக்கும் நிறுவனத்துக்குச் சொந்தம். யாரோ ஒருவரின் முகத்துக்காக ஆண்டுதோறும் அதை உரித்தெடுப்பார்கள். அதனால் முதுகில் வெயில் படக்கூடாது, நகம் படக்கூடாது, அடுப்பின் அனல் படவே கூடாது. நாலு வயது இன்பனை அவள் ஒருநாளும் உப்புமூட்டை தூக்கியதில்லை. முன்பெல்லாம் கேட்டு அழுவான். இப்போது கேட்பதில்லை.

போன வாரம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைத்தபோது கஞ்சிப் பானை சரிந்தது. அவள் சட்டென்று திரும்பியிருந்தால் கொதிக்கும் கஞ்சி முதுகில் விழுந்திருக்கும். பழகிப்போன உடம்பு திரும்பவில்லை. கஞ்சி பிள்ளையின் கால்களில் கொட்டியது.

இன்று தோலைச் சோதிக்க வந்த நர்ஸ் ரெஜினா, கட்டிலில் கிடந்தவனின் கட்டுப்போட்ட கால்களைப் பார்த்தாள்.

"அடப்பாவமே, புள்ளைக்கு என்னக்கா ஆச்சு?"

பதில் வருமுன் பூங்கோதையின் ரவிக்கையை விலக்கி முதுகில் டார்ச் விளக்கை அடித்தாள்.

"ஒரு கொப்புளம்கூட இல்லையே! எல்லாரும் உங்கள மாதிரி பாத்துக்கிட்டா எங்களுக்கு வேலையே இல்லக்கா. நாளைக்கே எடுத்துரலாம்."

அவள் போனதும் பூங்கோதை ரவிக்கையைச் சரிசெய்யவில்லை. கட்டிலோரம் போய், மகனுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள்.

"ஏறிக்கடா கண்ணு. அம்மா உப்புமூட்டை தூக்குறேன். நல்லா இறுக்கிப் புடிச்சுக்க."

முதுகில் எதுவும் படவில்லை. திரும்பிப் பார்த்தாள். இன்பன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

"வேணாம்மா. தொட்டா கெட்டுப்போயிடும்."