ஆணியில் தொங்கிய ரொட்டி

"மாட்டேன். இந்தக் கிழவியை நான் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன். இதையும் சேர்த்தே பதிவு பண்ணிக்க, பர்வோனா."

குஜந்த் நகர வானொலியிலிருந்து வந்திருந்த பர்வோனா மைக்கைத் தாழ்த்தினாள்.

"அக்கா, வாசல்ல நிக்கிறோம். உள்ள அவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அதுக்குத்தானே உன்னைக் குஜந்துலேர்ந்து இவ்வளவு தூரம் கூட்டியாந்தேன்."

'விழுந்து எழுந்தவர்கள்' நிகழ்ச்சிக்காகக் காலையிலிருந்தே சவ்ரி என்கிற சவ்ரிநிசோ மனசைத் திறந்து கொட்டியிருந்தாள். ஓட்டலில் தட்டுக் கழுவியது, பழைய தையல் மெஷின் ஒன்று கிடைத்தது, இன்று பதினோரு பெண்கள் வேலை பார்க்கும் மெத்தைப் பட்டறை. எல்லாம் சொன்னாள்.

"அந்தத் தங்கப் பல்லு?" என்று பர்வோனா கேட்டபோது சிரித்தாள்.

"அது என் மொத சம்பாத்தியம். முன்னாடி அங்க ஓட்டைதான். புருஷன் கடைசியா லீவுல வந்தப்போ டீக்கெண்டியால போட்ட போடு. ரெண்டு வருஷம் வாயைப் பொத்திக்கிட்டேதான் சிரிச்சேன்."

"யாரு துணையா இருந்தாங்க?"

"யாருமில்லை. ஒரு ஈ காக்கா இல்லை."

அந்தக் கதை தொடங்கிய இடம் இஸ்தரவ்ஷன் ஊரில் இருக்கும் இந்த வீடு. உள்ளே இருப்பவள் மாமியார் மஸ்தூரா. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிசக்கிக்கொண்டாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. 'நீதான் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று தெருப் பெரியவர்கள் சவ்ரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆறு வருஷம் கழித்து இந்த வாசலை மிதிக்கிறாள்.

உள்ளே, சுவரோரம் மெத்தையில் மஸ்தூரா சாய்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலைக்கு மேலே அதே ஆணி, அதே வெள்ளைத் துணிப்பை.

அதைப் பார்த்ததும் சவ்ரி விரலை நீட்டினாள்.

"பார்த்தியா? இன்னும் தொங்குது! மகன் கடைசியா ரஷ்யாவுக்குக் கிளம்பினப்போ ஒரு கடி கடிச்சுட்டுப் போன ரொட்டி. ஊர் வழக்கப்படி, திரும்பி வந்து மீதியைத் திம்பானாம். அவன் அங்க இன்னொருத்தியைக் கட்டி மூணு பெத்துட்டான். எனக்குப் போன்லயே முத்தலாக் சொல்லிட்டான். இந்தம்மா இன்னும் ரொட்டியைக் காவல் காத்துக்கிட்டுக் கிடக்கு!"

பர்வோனா மைக்கை மஸ்தூரா பக்கம் நீட்டினாள்.

"அம்மா, அக்கா சொல்றது..." என்று இழுத்தாள் பர்வோனா.

"நெசம்தான். அவளுக்குப் பொய் வராது."

"அவர் தலாக் சொன்னப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"இவளைப் போகச் சொன்னேன்."

"கேட்டுக்க!" சவ்ரி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "மறுநாள் காலையில என் மூட்டையைத் தூக்கி வாசல்ல வெச்சாங்க. மகனை அனுப்பறப்போ கட்டிப்பிடிச்சு அழுது, 'சீக்கிரம் வந்து மீதியைச் சாப்பிடுடா ராசா'ன்னாங்க. எனக்கு? 'ஒரு வாய் தின்னுட்டுத் தொலை, பஸ்ல மயங்கி விழுந்து என் மானத்தை வாங்காதே'ன்னாங்க. அவ்வளவுதான் எனக்குக் கிடைச்ச வழியனுப்பு."

எழுந்தாள். எட்டி அந்தப் பையை ஆணியிலிருந்து உருவினாள்.

"இன்னையோட இந்தக் கூத்து முடியட்டும்!"

"வேணாம் புள்ள, வெச்சிடு!" மஸ்தூரா எழப் பார்த்து, வலியில் முனகி மறுபடி சாய்ந்தாள்.

ஜன்னல் வழியாகத் தெருவில் வீசத்தான் சவ்ரி கையை ஓங்கினாள். கை வரவில்லை. அந்த ஊரில் பைத்தியம்கூட ரொட்டியைத் தரையில் போடாது. தண்ணீரில் ஊறவைத்து, மதில்மேல் குருவிக்கு வைக்கலாம். அதுதான் முறை. கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.

ரொட்டி ஓடு மாதிரி காய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு கடி. சின்னக் கடி.

அந்தக் கடியின் நடுவில், பல் படாமல், ஒரு சின்னத் துண்டு மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

சவ்ரியின் நாக்கு தானாகத் தங்கப் பல்லைத் தடவியது.

அன்றைக்கு அடுப்படியில், மூஞ்சிக்கு நேரே நீட்டிய ரொட்டியை ஒரு கடி கடித்து, விழுங்க முடியாமல் அங்கேயே வைத்துவிட்டு நடந்தது ஞாபகம் வந்தது. கண் நிறைந்தது.

"அத்தை... என்னை எதுக்கு விரட்டுனீங்க?"

"பின்னே? திரும்பி வான்னு சொல்லியிருந்தா நீ போயிருப்பியா? வாசப்படியிலேயே உக்காந்து என்னோட சேர்ந்து அழுதுக்கிட்டிருப்ப. மகராசியா இருக்கே இப்போ. அது போதும்."

பர்வோனா மைக்கை எப்போது கீழே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சவ்ரி ரொட்டியில் ஒரு துண்டை உடைத்து, மஸ்தூராவின் தலைமாட்டுக் கிண்ணத்தில் ஆறிப்போயிருந்த தேநீரில் ஊறவைத்து வாயில் போட்டாள். மென்றுகொண்டே சொன்னாள்:

"பர்வோனா, காலையில சொன்னதுல ஒண்ணை அழிச்சிடு. யாரும் துணையில்லைன்னேன் பாரு, அதை."

மீதி ரொட்டியை மறுபடி துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமியாரின் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டாள்.

"எந்திரிங்க. வண்டி நிக்குது. மீதியை நம்ம வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறேன்."

"சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டியே நீ," என்று முனகிக்கொண்டே மஸ்தூரா எழுந்தாள்.

வாசற்படி தாண்டும்போதுதான் சவ்ரிக்குத் தோன்றியது.

"அப்போ அவர் கடிச்ச ரொட்டி எங்கே அத்தை?"

"அதுவா?" என்றாள் மஸ்தூரா. "அவன் உனக்குப் போன் பண்ணுன அன்னைக்கே குருவிக்குப் போட்டாச்சு."