கூட்டிக்கொண்டு போக வந்தவள்

“என் புருஷனைக் கூட்டிக்கிட்டுத்தான் இறங்குவேன். உனக்கு முடியலைன்னா நீ இப்பவே திரும்பிப் போ” என்று படியிலிருந்து எழுந்தாள் யூன்சியா. நாத்தனார் குவெய்லான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேலே பனிக்குள் போய் மறையும் கல்படிகளைப் பார்த்தாள்.

“பதினோரு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டா சாமியார் இறங்கி வருவாரா அண்ணி? ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். அதுக்குப் பயந்திருந்தா தனியா நூடுல்ஸ் கடை நடத்தியிருக்க முடியாது.”

‘மலைக்குப் போகிறேன், தேடாதே’ என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு தெங் குவாங்ஃபு, தாவோ துறவிகள் வாழும் வூதாங் மலை ஏறியபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. பெற்ற தாய் இறந்த செய்தி போயும் அவன் இறங்கவில்லை. மாமியாரின் சவப்பெட்டிக்கு முன்னால் மகன் நடக்க வேண்டிய இடத்தில் அவள்தான் நடந்தாள்.

வழியில் வெள்ளரிக்காய் விற்றவள், யூன்சியாவின் சாயம் பூசிய தலைமுடியை நிதானமாகப் பார்த்தாள். குவெய்லான் விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“எத்தனை பொண்டாட்டிங்க அழுதுகிட்டே ஏறி, அழுதுகிட்டே இறங்கினதைப் பாத்திருக்கேன் அக்கா.”

“நான் அழறதுக்கு ஏறலை” என்றாள் யூன்சியா. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

கோயில் வாசலில் ஒரு துறவி மறித்தார். “தெங் குரு தியானத்துல இருக்கார். நீங்க யாரு?”

அவள் பையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட கல்யாணப் பதிவுப் புத்தகத்தை எடுத்து, அவர் கண்ணுக்கு நேராக விரித்தாள்.

“இதுல இருக்கற பொம்பளை. அவர் வர்ற வரைக்கும் இந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.”

வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தும் விட்டாள். சாமி கும்பிட வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து, சாம்பல் நிற அங்கியும் உச்சிக்கொண்டையுமாகக் குவாங்ஃபு வெளியே வந்தான். “அண்ணா” என்று விசும்பினாள் குவெய்லான்.

அவன் மனைவியின் கருத்த தலையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

“எனக்காக இவ்வளவு பிடிவாதம் வேண்டாம் யூன்சியா. எல்லாத்தையும் விட்டவன் நான். வீட்டுக்கு வர மாட்டேன்.”

“வீட்டுக்கு யாரு கூப்பிட்டது? நாளைக்கு டவுன் ஆபீசுக்கு வாங்க. விவாகரத்துக்கு ரெண்டு பேரும் நேர்ல வந்தாகணுமாம்.”

குவெய்லானின் விசும்பல் பாதியில் நின்றது. குவாங்ஃபுவின் முகம் வெளுத்தது.

“விவாகரத்தா? இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, இந்த வயசுல எதுக்கு?”

யூன்சியா எழுந்து, புழுதி படிந்த கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“எனக்குக் கல்யாணம்.”